ஏழு மணி நேர கேமுக்கு முழு விலையா?

கேள்வி: பிளேஸ்டேஷன் 5-க்கு வரும் பெரிய கேம்கள் பல 4,999 ரூபாய். அந்தப் பணத்துக்கு நூறு மணி நேரம் ஆடக்கூடிய ஓப்பன் வேர்ல்டு கேமும் கிடைக்கிறது. ஒரே பாதையில் போய் ஏழெட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் கேமும் கிடைக்கிறது. இரண்டாவதற்கும் முழு விலை கொடுப்பது ஏமாளித்தனம் இல்லையா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இல்லை. அந்த ஏழெட்டு மணி நேரமும் நிறைவாக இருந்தால் முழு விலை நியாயமான விலைதான். மல்லிகைப் பூவைப்போல முழம் போட்டு விற்கும் சரக்கல்ல கேம். இரண்டு உதாரணங்களைப் பாருங்கள். 2015 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த 'தி ஆர்டர்: 1886' 60 டாலருக்கு விற்றது. ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்ற பேச்சு, கேம் வெளியாகும் முன்பே கிளம்பி, கடைசிவரை அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2011 ஏப்ரலில் 'போர்ட்டல் 2' வந்தபோதும் இதே புகார் எழுந்தது. சிறியது என்று சொல்லி முதல் நாளிலேயே பலர் இணையத்தில் மிகக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். இருவர் சேர்ந்து ஆடும் பகுதி தனியாக உண்டு என்றாலும், அதன் கதைப் பகுதி சுமார் எட்டு மணி நேரம்தான். ஆனால் அந்தப் புகார் நிலைக்கவில்லை. இன்று மிகச் சிறந்த கேம்களின் வரிசையில் அதற்கு இடம் உண்டு.

புகார் ஒன்றுதான், முடிவு மட்டும் ஏன் வேறானது? 'போர்ட்டல் 2' ஒரு யோசனையைக் கற்றுத் தந்து, அது நமக்குப் பழகுவதற்குள் அடுத்ததைக் கொண்டுவருகிறது. துள்ள வைக்கும் பசை, வேகம் கூட்டும் பசை, ஒளியால் ஆன பாலம் என்று ஒவ்வொன்றும் முந்தையதோடு சேர்ந்து புதிய புதிராகிறது. 'தி ஆர்டர்' கண்ணுக்கு மிக அழகு. ஆனால் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய காட்சிகள் அதில் ஏராளம். ஓநாய் மனிதனுடனான முக்கியச் சண்டை ஏறக்குறைய அப்படியே இரண்டாம் முறையும் வருகிறது. கதையும் முடிச்சு அவிழாமல் நிற்கிறது. அதை வீழ்த்தியது நேரக் குறைவு அல்ல, இருந்த நேரத்தை வீணாக்கியது. உழைப்பின் கணக்கும் இதையே சொல்கிறது. ஒற்றைப் பாதை கேமில் ஓர் அறையை மாதக்கணக்கில் செதுக்கினாலும் நாம் அதை ஒரே ஒருமுறைதான் கடக்கிறோம். ஓப்பன் வேர்ல்டு கேமில் ஒரே மாதிரி முகாமை வரைபடமெங்கும் வைத்து நேரத்தை நீட்ட முடியும்.

இப்படி விட்டுக்கொடுத்தால் நிறுவனங்கள் கேமைச் சுருக்கி விலையை மட்டும் அப்படியே வைக்காதா என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான். ஆனால் இதுவரை நடந்தது பெரும்பாலும் நேரெதிர். மணிக்கணக்கில் அளப்பார்கள் என்று பயந்துதான் கேம்களுக்குள் வெற்று வேலைகளைத் திணிக்கிறார்கள். 2009-இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் 2', ஊர் ஊராக ஒளித்து வைத்த நூறு இறகுகளைத் தேடச் சொன்னது. அந்தத் தேடலில் போவது நம்முடைய நேரம். மேலும், சிறிய கேம்கள் எல்லாமே முழு விலை கேட்பதில்லை. சிறு குழு உருவாக்கிய 'ஹெல்பிளேடு' 2017-இல் 30 டாலருக்கும், இரண்டு மணி நேரத்தில் முடியும் 'ஜர்னி' 2012-இல் 15 டாலருக்கும் வந்தன.

இன்னொரு மறுப்புதான் கனமானது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு கேம் வாங்குகிற வீட்டில் 4,999 ரூபாய் ஒரே வார இறுதியில் தீர்ந்துபோவது வலிக்கத்தான் செய்யும். அது கேமின் தகுதி பற்றிய கேள்வி அல்ல, நம் கையிருப்பு பற்றியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. தகுதியான கேமையும் தள்ளுபடி வரும்வரை தள்ளிப்போடலாம். டிஸ்க்காக வாங்கினால் ஆடி முடித்ததும் விற்கலாம். சிறிய கேமில் விலை இறங்கும் முன்பே அது கைகூடும். ஆகவே விமர்சனம் படிக்கும்போது எத்தனை மணி நேரம் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இரண்டாம் பாதியில் புதிதாக ஏதாவது வருகிறதா, ஆட்டம் நம் கையில் இருக்கிறதா, கதை முடிகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் கிடைத்தால், ஏழு மணி நேரத்துக்கும் முழு விலை கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் நூறு மணி நேர கேமையும் அந்த விலைக்கு வாங்காதீர்கள்.