மானுக்கு விதைத்த பயிர் – ஓர் அறப்பாடம்



ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மாணவியர்க்கு யாம் முதலிற் கற்பித்து வந்த விதி ஒன்றுண்டு. கண்ணாற் கண்ட பொருளிலிருந்து கருத்துக்குச் செல்ல வேண்டும். கருத்திலிருந்து தொடங்கினால் குழந்தை மனப்பாடம் செய்யுமேயன்றி உணராது என்பதே அவ்விதி. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறும் 108 வகை வினைவாயில்களை இளமையிலேயே மனப்பாடம் செய்தோம். ஜபமாலையின் மணிகள் 108 என்பதற்கு இக்கணக்கையே காரணமாகப் பெரியோர் கூறக் கேட்டோம். ஆயினும் அதனை ஒரே காட்சியில் விளக்கும் எடுத்துக்காட்டு எழுபது வயதைக் கடந்த பின்னரே எமக்குக் கிட்டியது. அதனை இங்குப் பாடமாக வைக்கிறோம்.

1. பேரன் கேட்ட கேள்வி

எம் பேரன் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பணிபுரிகிறான். ஊர்ப்புறத்தில் ஒரு முதிய விவசாயியின் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறான். சென்ற ஆண்டு மே மாதத்தில் தொலைபேசியில் மகிழ்ச்சியுடன் பேசினான். “பாட்டி, இன்று வீட்டுக்காரப் பெரியவரோடு காட்டோரம் போய் மான்களுக்காக விதை தூவினேன். மானுக்குத் தீவனம் போடுவது நல்ல காரியந்தானே?” என்றான். பதினாறாம் தீர்த்தங்கரராம் சாந்திநாதரின் இலாஞ்சனம் மான் அல்லவா? யாமும் மகிழ்ந்து வாழ்த்தினோம். எதற்காக விதைத்தீர்கள் என்று கேட்க எமக்குத் தோன்றவில்லை.

செப்டம்பரில் மீண்டும் பேசினான். குரல் தாழ்ந்திருந்தது. பயிர் முழங்கால் அளவு வளர்ந்திருந்தது. அதன் விளிம்பில் ஒரு மரத்தின்மேல் புதிதாய்ப் பரண் ஒன்று கட்டப்பட்டிருந்தது. “பாட்டி, அது வேட்டைக்காக வளர்த்த பயிராம். எனக்குத் தெரியாது. நான் விதை மட்டுந்தானே போட்டேன். இது என் பாவமா?” என்று கேட்டான். உடனே விடை கூற எமக்கு வாய் எழவில்லை. செய்தியை முழுதும் அறிந்தபின் சொல்கிறோம் என்றோம்.

2. வெள்வால் மானும் அந்நாட்டு நிலையும்

அந்நாட்டில் மிகுதியாக வாழ்வது வெள்வால் மான். அஞ்சி ஓடும்போது வாலை உயர்த்தி அதன் அடிப்புற வெண்மையைக் காட்டுவதால் இப்பெயர். ஏறத்தாழ 200 நாள் கருச்சுமந்து, கோடைத் தொடக்கத்தில் பெரும்பாலும் இரு குட்டிகளை ஈனும். 1900ஆம் ஆண்டளவில், வரைமுறையற்ற வேட்டையாலும் காடழிப்பாலும், அந்நாடு முழுவதும் ஐந்து இலட்சத்திற்கும் குறைவான மான்களே எஞ்சின என மதிப்பிடுவர். அவ்வாண்டிலேயே, சட்டத்திற்குப் புறம்பாகக் கொன்ற காட்டுயிர்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு சென்று விற்பதைத் தடுக்கும் லேசி சட்டம் வந்தது. 1937இல் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் பிட்மன்-இராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைக்குப் பருவமும் அளவும் வகுக்கப்பட்டன. மானைத் தின்னும் ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான பகுதிகளில் முன்னரே அழிக்கப்பட்டிருந்தன. இன்று மான்களின் தொகை ஏறத்தாழ மூன்று கோடி என்பர்.

3. தீவனப் பாத்தி அமைக்கும் முறை

வேட்டைக்காரர் மானைத் தேடி அலைவதற்கு மாற்றாக, மான் தானே தேடி வருமாறு பயிரிடும் நிலத்தை அவர்கள் ‘ஃபுட் பிளாட்’ என்பர். நாம் தீவனப் பாத்தி என்போம். அதனை அமைக்கும் முறையைக் கேட்டால் உழவுத் தொழிலறிந்த நம் குடும்பத்தினர் வியப்பர். அத்துணை அக்கறை அதிலுண்டு.

முதலில் திட்டம். மான்கள் எங்கே உறங்குகின்றன, எவ்வழியே நடக்கின்றன, எங்கே நீருண்கின்றன என்பதைக் கண்டறிவர். மானுக்கு மோப்பம் மிகுதியாதலின், வேட்டைப் பருவத்தில் காற்று வீசும் திசையை ஆராய்ந்து, மனித வாடை பாத்திக்குச் செல்லாத இடத்தில் பரண் அமைப்பர். பல ஏக்கரில் ஊட்டத்திற்காக விதைப்பதும் உண்டு. காட்டுக்குள் கால் ஏக்கர், அரை ஏக்கர் அளவில் அம்பெய்யும் தொலைவுக்குள் விதைப்பதும் உண்டு. பின்னதனைக் ‘கொலைப் பாத்தி’ எனப் பொருள்படும் சொல்லால் வேட்டைக்காரரே வழங்குகின்றனர்.

அடுத்து மண். மண்ணைச் சோதித்து, புளிப்புத்தன்மை மிகுந்திருப்பின் சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்வர். சுண்ணாம்பு மண்ணில் வேலை செய்யச் சில மாதங்கள் ஆகுமாதலின் முன்கூட்டியே இடுவர். களைக்கொல்லி தெளித்து, உழுது, விதைப்பர்.

பயிர்களில் முதன்மையானது குளோவர் என்னும் மூவிலைச் செடி. இது நம் அவுரியும் சணப்பும் போல, வேர் முடிச்சுகளால் காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் இனம். வெள்ளைக் குளோவர் ஒருமுறை விதைத்தால் மூன்று நான்கு ஆண்டுகள் நிற்கும். கோடையில் தலை வெட்டிவிட்டால் களை அடங்கி இளந்தளிர் துளிர்க்கும். நம் காப்பித்தூளில் கலக்கும் சிக்கரியையும் அதன் இலைக்காக உடன் விதைப்பர். கோடையில் சோயாவும் காராமணியும். இலையுதிர்காலத்திற்கு ஓட்ஸ், ரை முதலிய தானியங்கள். குளிருக்கு டர்னிப் முதலிய முட்டைக்கோசு இனங்கள். இவ்வினங்களின் இலை உறைபனி பட்டபின் இனிப்பேறும் என்பதால், காட்டில் தழை குறையும் காலத்தில் மான்கள் அவற்றை நாடி வரும். ஒரே பாத்தியில் அவற்றை ஆண்டுதோறும் விதைத்தால் நோய் தாக்குமாதலின் பயிர்ச்சுழற்சி செய்வர். பாத்தியின் நடுவே சிறு கம்பிக் கூண்டு ஒன்றை நிறுத்தி, கூண்டுக்குள் வளர்ந்த பயிரையும் வெளியே மேய்ந்த பயிரையும் ஒப்பிட்டு, மான்கள் எவ்வளவு தின்றன என்று கணக்கிடுவர்.

பிறகு காத்திருத்தல். விஸ்கான்சினில் வில்வேட்டை செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது. நவம்பர் இறுதியில் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை நிகழ்கிறது. வசந்தம் முதல் அச்சமின்றி மேய்ந்து பழகிய மான், அந்நாளிலும் அதே பாத்திக்கு வருகிறது.

4. மூன்று படிகள்

இனிப் பாடத்திற்கு வருவோம். ஆகமம் ஒரு செயலை மூன்று படிகளாகப் பகுக்கிறது. செய்யத் துணிதல் சம்ரம்பம். அதற்குரிய கருவிகளைக் கூட்டுதல் சமாரம்பம். செயலைத் தொடங்கி நிகழ்த்துதல் ஆரம்பம். இம்மூன்றும் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றாலும். வெகுளி, செருக்கு, மாயை, உலோபம் என்னும் நான்காலும் பெருகி 108 ஆகின்றன.

மானின் வழியை ஆராய்ந்து வரைபடம் தீட்டியபோதே சம்ரம்பம் நிகழ்ந்துவிட்டது. சுண்ணாம்பு, விதை, பரண் ஆகிய யாவும் சமாரம்பம். நவம்பரில் எழும் ஒரு வெடிச்சத்தம் மட்டுமே ஆரம்பம். உலகம் அந்த இறுதி நொடியையே கொலை என்கிறது. அக்கொலை ஏப்ரலிலேயே முளைவிட்டது என்று ஆகமம் காட்டுகிறது. அவ்வாண்டு மான் வராமற்போயினும், குறி தப்பினும், முதலிரு படிகளால் வந்த வினை வந்ததே.

நான்கு கஷாயங்களுள் இங்கே மேலோங்கி நிற்பது எது? மான்மீது வெகுளி இல்லை. கொம்பின் பெருமைக்காக எனில் செருக்கு. இறைச்சிக்காக எனில் உலோபம். ஆனால் பாத்தி என்னும் உபாயத்தில் குடியிருப்பது மாயை. உண்ணக் கொடுப்பது போலக் காட்டி உயிரைக் கொள்ளுதல் வஞ்சனையன்றோ?

5. இது தானமாகுமா?

அகிம்சை விரதத்தின் ஐந்து அதிசாரங்களாகக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் ஆகியவற்றை ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. தீவனப் பாத்தி வைப்பவர் இவ்வைந்தில் ஒன்றும் செய்யவில்லை. கட்டவில்லை, அடிக்கவில்லை, உணவைத் தடுக்காமல் ஊட்டவே செய்கிறார். பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவர். அதே அத்தியாயம், தனக்கும் பிறர்க்கும் நலம் பயக்கும் பொருட்டுத் தன்னுடையதை விடுதலே தானம் என்று வரையறுக்கிறது. பெறுபவரின் நலம் கருதாத ஈகை தானமாகாது, அது விலை.

இருபத்திரண்டாம் தீர்த்தங்கரர் நேமிநாதர் வரலாறு நாம் அறிந்ததே. திருமணத்திற்குச் செல்லும் வழியில், விருந்துக்காக அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் தேரைத் திருப்பித் துறவு பூண்டார். போளூரை அடுத்த திருமலையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நிற்கும் அப்பெருமானை வணங்காத குடும்பம் நம்மில் அரிது. அன்று அடைபட்ட விலங்குகள் தம் நிலை உணர்ந்து கதறின. பாத்தியில் மேயும் மான் கதறுவதில்லை. தான் அடைபட்டிருப்பதே அதற்குத் தெரியாது.

6. மறுதரப்பையும் கேட்போம்

ஒருபக்கம் கேட்டுத் தீர்ப்பளிப்பது ஆசிரியர்க்கு அழகன்று, அநேகாந்தமும் அதுவன்று. மான்கள் மிகுந்தால் காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கின்றன. உழவர் பயிரை அழிக்கின்றன. சாலையில் வண்டிகளில் மோதி மனிதரும் மான்களும் மடிகின்றனர். ஆகவே தொகையைக் குறைக்கவே வேட்டை என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் பெருந்தொகை தீமை என்பவரே, மான்கள் கொழுத்துப் பெருகுமாறு பயிரிடுவது எங்ஙனம் பொருந்தும்? பெருக்குவது ஒரு கை, குறைப்பது மறுகை என்றால், நோக்கம் குறைப்பது மட்டுமன்று என்பது விளங்கும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 1967இல் கொலராடோவில் முதலில் காணப்பட்ட மான் மெலிவு நோய் 2002இல் விஸ்கான்சினிலும் கண்டறியப்பட்டது. மூளையைச் சிதைக்கும் இந்நோய்க்கு மருந்தில்லை. உமிழ்நீராலும் சிறுநீராலும் பரவும். நோய்க்கூறு மண்ணில் நெடுங்காலம் தங்கும். மான்கள் ஓரிடத்தில் திரண்டால் பரவல் மிகும் என்பதால், நோய் கண்ட வட்டாரங்களில் தீவனத்தைக் கொட்டி வைப்பதை அம்மாநிலம் தடைசெய்தது. ஆனால் முறையாக விதைத்து வளர்ந்த பயிருக்கு அத்தடை இல்லை. கொட்டியது குற்றம், முளைத்தது குற்றமன்று என்பது சட்டத்தின் எல்லை. அறத்தின் எல்லை அதுவன்று.

கொல்லாத வழியும் உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த ஃபயர் தீவில் 1993 முதல் பல ஆண்டுகள் பெண்மான்களுக்குக் கருத்தடைத் தடுப்பூசி செலுத்திப் பிறப்பைக் குறைத்தனர். பரந்த காடுகளில் அதனைச் செய்வது அரிது, செலவும் மிகுதி. ஆயினும் கொலை ஒன்றே வழி என்னும் கூற்று பொய் என்பதற்கு அத்தீவு சான்று.

7. பேரனுக்கு யாம் கூறிய விடை

“அறியாமல் விதைத்தாய், கொல்லும் கருத்து உன்னிடம் இல்லை. ஆகவே அந்தக் கொலை உன்னுடையதன்று. ஆனால் எதற்காக என்று கேளாமல் செய்தது பிரமாதம், அதாவது விழிப்பின்மை. அக்குறை உனக்குண்டு, கேளாமலே வாழ்த்திய எமக்கும் உண்டு. இருவரும் பிரதிக்கிரமணம் செய்வோம். இனி அறிந்தபின் அப்பாத்தியில் ஒரு களையைப் பிடுங்கினாலும் அது சமாரம்பம்.”

“பெரியவர் கெட்டவரா பாட்டி?” என்றான். குளிரில் அவன் வண்டி பழுதானபோதெல்லாம் தாமே வந்து சரிசெய்து கொடுத்தவர் அவர். யாம் சொன்னோம்: “எல்லா உயிரிடத்தும் நட்பு, குணமுடையாரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்து இரக்கம், நம் நெறியை ஏலாதாரிடத்து நடுநிலை. அவர் தந்தையும் பாட்டனும் காட்டிய வழியில் நடக்கிறார். இகழாதே. உன் மறுப்பை மட்டும் மரியாதையோடு சொல்லிவிடு.”

அவ்வாறே சொன்னான். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லையாம். பின்னர், “சரி, என் காய்கறித் தோட்டத்திற்கு மான் நுழையாதபடி வேலி கட்ட வேண்டும், அதற்கு வருவாயா?” என்றாராம். இவன் சென்று கட்டிக் கொடுத்தான். நவம்பரில் அவர் வேட்டைக்கும் சென்றார். அதை இவனால் தடுக்க இயலவில்லை.

8. நம் வயலின் பக்கம்

அயல்நாட்டார் செயலை ஆராய்ந்து முடித்துவிட்டால் பாடம் பாதியிலேயே நின்றுவிடும். நம்மவரிற் பலர் தலைமுறைகளாய் உழுதுண்டு வாழ்பவர். உழவில் உயிர்கள் மாய்வதைத் தொழில்வழி இம்சை என்றும், இல்லறத்தார் அதனைக் குறைத்தல் கடன் என்றும், கருதிச் செய்யும் சங்கல்ப இம்சையை முற்றும் விடல் வேண்டும் என்றும் கற்றோம். செயல் ஒன்றாயினும் கருத்தால் பயன் வேறுபடும் என்பதை அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விரித்துரைத்துள்ளார். அப்பெரியவரின் கலப்பையும் நம் கலப்பையும் ஒன்றே, கருத்தே வேறு.

ஆயினும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. எம் குடும்ப நிலத்தில் இரண்டு போகம் மக்காச்சோளம் விளைந்தது. விளைச்சல் கோழித்தீவன ஆலைக்குச் சென்றது. நல்ல விலை கிடைத்ததென மகிழ்ந்தோம். எங்கே செல்கிறது என்று எண்ணவில்லை. கொல்லும் கருத்து எமக்கில்லை என்பது உண்மை. பேரனுக்குச் சொன்ன ‘விழிப்பின்மை’ என்னும் சொல் எமக்கும் பொருந்தும் என்பதும் உண்மை. அடுத்த போகம் உளுந்து விதைப்பதென வீட்டில் முடிவு செய்துள்ளோம். வருவாய் குறையக்கூடும். பிறர்க்கு இதனை விதியாகக் கூறவில்லை; அவரவர் நிலத்தையும் நிலைமையையும் அவரவரே ஆராய்க.

சிந்தனை வினாக்கள் (குடும்பத்துடன் அமர்ந்து விடை காண்க)

1. தீவனப் பாத்திச் செயல்களைச் சம்ரம்பம், சமாரம்பம், ஆரம்பம் என வகைப்படுத்துக.
2. பரணைக் கண்டபின்னும் பேரன் பாத்திக்குக் களையெடுத்திருந்தால், அது செய்தலா, செய்வித்தலா, உடன்படலா?
3. புறத்தே ஈகையாகவும் அகத்தே விலையாகவும் அமையும் செயல் நம் இல்லத்தில் உண்டா?
4. நம் பொருளோ, நிலமோ, உழைப்போ இறுதியில் எங்குச் சென்று சேர்கிறது என்று கடைசியாக எப்போது கேட்டோம்?

நான்காம் வினாவுக்கு விடை எழுத எமக்கு மூன்று நாள் ஆயிற்று.

வாழ்க அறம்! வளர்க உயிரிரக்கம்!