பழைய சோறு: ஆற வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது

அன்னவாசலைச் சுற்றியுள்ள ஊர்களில் வெயிலில் வேலைக்குப் போகிறவர்களின் தூக்குவாளியில் இன்றும் பழைய சோறு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எந்த அளவுக்கு உதவும் என்று ஆராயத் தொடங்கிய பிறகு, அதை மறந்திருந்தவர்களும் திரும்பக் கையில் எடுக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பலர் ராத்திரி பத்து மணிக்கு, குக்கரில் மிஞ்சிக் கிடந்த சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அது பழைய சோறு ஆகாது.

அரிசி புழுங்கலாக இருக்கட்டும். ரேஷன் அரிசியே போதும். குழையவிடாமல் வடியுங்கள்.

இனி ஆற வைப்பது. சோறு வெந்தாலும் சாகாத ஒரு பாக்டீரியா உண்டு: பேசில்லஸ் சீரியஸ். அதன் வித்துகள் கொதியைத் தாங்கும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. "பழையது சாப்பிட்டேன், வாந்தி வந்துவிட்டது" என்கிறவர்களின் சோற்றை ஆற வைத்த விதத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஆகவே வடித்த கையோடு அகலமான தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பி, விசிறிக்கடியில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சூடு முழுக்க இறங்க வேண்டும். விரலை நடுச்சோற்றில் விட்டுப் பாருங்கள். மேலே ஆறி உள்ளே சூடாக இருப்பதில்தான் ஏமாறுவோம்.

ஆறியதும் மண்சட்டியில் போட்டு, நாலு விரல் மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். குளோரின் வாசமடிக்கும் குழாய் நீர் நமக்கு வேண்டிய கிருமிகளையும் அடக்கும். உப்பு காலையில்தான்.

குறுக்குவழி ஒன்று உண்டு. முந்தைய நாள் நல்லபடி புளித்த நீச்சுத்தண்ணியில், அதாவது சோறு ஊறிய நீரில், இரண்டு கரண்டி எடுத்து உறையாக விடுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியா உடனே வேலையைத் தொடங்கி நீரைப் புளிக்க வைத்துவிடும். கெட்ட கிருமிக்கு இடம் கிடைக்காது. நம்மூர்ச் சித்திரை வெயிலுக்கு எட்டு மணி நேரம் போதும். மார்கழியில் பன்னிரண்டு ஆகும்.

காலையில் லேசான புளிப்பு மணமும் பொடிக் குமிழியும் இருந்தால் சரி. நூல் நூலாக இழுத்தாலோ, ரோஸ் நிறம் தட்டினாலோ, அழுகல் வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நன்றாக இருக்கும் சோற்றையும் சூடு பண்ணாதீர்கள், இருக்கும் நல்ல கிருமி செத்துப்போகும்.

ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு உணவாகிறது. அவை அதைத் தின்று பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. குடல் சுவரின் அணுக்கள் பிழைப்பதே பெரும்பாலும் அதில்தான். சாப்பாடு மாறினால் குடல் கிருமிகளும் சில நாட்களிலேயே மாறிவிடும் என்று 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆனால் பழையது மட்டும் போதாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெந்த வெள்ளைச் சோறு நூறு கிராமில் ஒரு கிராம் இருந்தாலே பெரிது. சின்ன வெங்காயத்தைப் பச்சையாகக் கடியுங்கள், அதன் நார் குடல் பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்தது. கூடவே கொள்ளுச் சுண்டலோ, அவித்த நிலக்கடலையோ, கீரையோ கட்டாயம். ஊறுகாய் மட்டும் வைத்துச் சாப்பிடுவது எனக்கு ஒப்பாது. நாருக்குப் பழகாத வயிறு முதலில் பொருமும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அரிசிக்குப் பதில் வரகிலோ சாமையிலோ இதே முறையில் செய்யலாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 11.4 சதவீதம் பெரியவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. பழைய சோறும் சோறுதான். ஒரு கிண்ணத்தோடு நிறுத்துங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பாருங்கள். மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகக் குறைக்காதீர்கள், அதை மருத்துவர் சொல்லட்டும்.