அந்த வீட்டைக் கேட்டாயிற்றா?

சரவாக்கின் உள்நாட்டு ஆறு ஒன்றில் முதல் தடவை நான் போனபோது, படகு கரையில் ஒதுங்கியதுமே ஒரு பெரியவர் படித்துறைக்கு இறங்கி வந்தார். வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது, துக்கம் காக்கும் 'உலிட்' காலம் இன்னும் முடியவில்லை, அதுவரை விருந்தாளிகளை ஏற்க முடியாது என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, எங்களை வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வராமல், அங்கேயே கறுப்புக் காபி கொண்டுவரச் செய்தார். நாங்கள் எட்டுப் பேர், வண்ண வண்ண மழைச்சட்டைகளில், துக்க வீட்டு வாசலில் நின்றிருந்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

கட்டணம் குறைவு என்று பார்த்துப் பதிவு செய்த பயணம் அது. வழிகாட்டி நல்ல பையன்தான். ஆனால் அந்த ஆற்றில் அவனுக்கு யாரையும் தெரியாது. அதற்குப் பிறகு எந்த ஏற்பாட்டாளரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "அந்த வீட்டைக் கேட்டாயிற்றா? படகு யாருடையது?" படகோட்டிகள் அந்த நீண்ட வீட்டின் ஆட்களாகவே இருந்தால், நாம் வருவது வீட்டுக்குத் தெரியும். நாம் கொடுக்கும் காசும் அங்கே போய்ச் சேரும்.

இரண்டாம் முறை பத்தாங் ஆய் ஆற்றுப் பகுதிக்கு அப்படித்தான் போனேன். கூச்சிங்கிலிருந்து காரில் நாலைந்து மணி நேரம். தீபகற்பத்திலிருந்து போகும் மலேசியர்களுக்கும் சரவாக்கில் குடிநுழைவுச் சோதனை உண்டு. அடையாள அட்டையை மறக்கக் கூடாது. வழியில் செரியான் சந்தையில் வழிகாட்டி அரிசி, சமையல் எண்ணெய், பிஸ்கட் என்று வாங்கினார். பிள்ளைகளுக்கு நான் எடுத்த மிட்டாய்ப் பொட்டலத்தை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, "நோட்டுப் புத்தகம் வாங்குங்க, அக்கா" என்றார். கொண்டுபோனதையெல்லாம் வீட்டுத் தலைவரான 'துவாய் ரூமா' கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் கதவுக்குக் கதவு சமமாகப் பிரித்துவிடுவார். அங்கே வீட்டின் அளவையே கதவுகளில்தான் சொல்கிறார்கள். இருபது கதவு என்றால் ஒரே கூரையின் கீழ் இருபது குடும்பம்.

படகு முதலில் பத்தாங் ஆய் அணைக்கட்டின் ஏரியைக் கடக்க வேண்டும். 108 மெகாவாட் மின்சாரத்துக்காக 1985-இல் முடிந்த அணை அது. இருபத்தாறு நீண்ட வீடுகளின் மக்கள் அதற்காக இடம்பெயர்ந்தார்கள். எங்கள் படகோட்டி ஓரிடத்தில் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, தண்ணீருக்குக் கீழே கையைக் காட்டி, "தாத்தாவோட நிலம்" என்று மட்டும் சொன்னார். நான் கேமராவை எடுக்கவில்லை.

ஏரி முடிந்து தெலோக் ஆற்றுக்குள் நுழைந்ததும் காடு இருபுறமும் நெருங்கி வந்தது. படகு ஒடுக்கமானது, தரையோடு தரையாக உட்கார வேண்டும், பக்கவாட்டில் சாயக் கூடாது. பின்னால் ஒருவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஆற்றைப் படிப்பவர் முன்னால் கழியோடு நிற்பவர்தான். அவர் கை அசைவை மட்டும் கவனியுங்கள். தண்ணீர் வற்றிய இடத்தில் அவர் "இறங்கு" என்றால் யோசிக்காமல் இறங்கித் தள்ள வேண்டும். அதற்கு வழுக்காத ரப்பர் செருப்பும் சீக்கிரம் காயும் கால்சட்டையும் போதும். என் விலையுயர்ந்த மலையேறும் காலணி நாலு நாளும் காயவே இல்லை. கைப்பேசியையும் மருந்தையும் மாற்றுத் துணியையும் நீர்புகாப் பையில் வாய்ப்புறம் மூன்று மடிப்பாகச் சுருட்டிப் பூட்டுங்கள். அட்டை கடித்தால் பதற வேண்டாம், நகத்தால் ஓரத்தை நெம்பினால் விட்டுவிடும்.

காய்ச்சலை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா சரவாக்கில் பரவலாக இருப்பதை, காப்பிட் வட்டாரத்து நோயாளிகளை ஆராய்ந்து 2004-இல் பல்பீர் சிங் குழுவினர் காட்டினார்கள். போகும் முன் மருத்துவரைப் பாருங்கள். திரும்பிய சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், காட்டாற்றுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

நீண்ட வீட்டின் பொதுத் தாழ்வாரமான 'ரூவாய்'க்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அது எல்லாருக்கும் பொது. அதன் பின்னால் உள்ள 'பிலிக்' ஒவ்வொரு குடும்பத்தின் சொந்த அறை, அழைக்காமல் எட்டிப் பார்க்கக் கூடாது. அரிசியில் வடித்த 'துவாக்' கள் வரும். நான் மது குடிப்பதில்லை. வழிகாட்டி சொல்லித் தந்தபடி கோப்பையை விரலால் தொட்டு உதட்டில் வைத்தேன். நீட்டிய உணவைத் தொடாமல் மறுத்தால் மறுத்தவருக்கே தீங்கு வரும் என்பது அங்கே வாழும் ஈபான் மக்களின் நம்பிக்கை. அந்தத் தொடுதலில் அவர்கள் மனம் நிறைந்துவிட்டது. மூங்கிலில் வெந்த கோழியை நான் மூன்று முறை கேட்டு வாங்கியதில் இன்னும் நிறைந்தது.

மலாய் தெரிந்தவர்களுக்கு ஈபான் மொழி தூரமில்லை. 'மக்கான்' அங்கே 'மக்காய்', 'ஜாலான்' 'ஜாலாய்'. பாட்டியை 'இனி' என்கிறார்கள். நம் காதுக்கு அந்தச் சொல் வேறு மாதிரி ஒலிக்கிறது, எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கடைசி இரவு மேலே எங்கோ பெரிய மழை. விடிந்து பார்த்தால் ஆறு செம்மண் நிறத்தில் படித்துறையின் பாதிப் படிகளை விழுங்கியிருந்தது. முன்கழிக்காரர் கரையில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, "அது முழுசா தெரியட்டும்" என்றார். எங்களில் ஒருவருக்கு அன்று மாலையே விமானம். அவர் எவ்வளவு மன்றாடியும் வழிகாட்டி அசையவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் வழிகாட்டிக்குக் காசு கொடுக்கிறோம். ஆற்றுப் பயணம் முடியும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாளைக் காலியாக விடுங்கள்.

காத்திருந்த நேரத்தில் அந்த வீட்டு இனி ஒருவர் என்னைத் தன் பிலிக்குக்குள் கூப்பிட்டார். பெட்டியிலிருந்து தான் நெய்த 'புவா கும்பு' துணியை எடுத்து என் மடியில் விரித்தார். ஆழ்ந்த செந்நிறம். எதில் சாயம் என்றேன். 'எங்குடு' வேர் என்றார். நம் நுணாவின் இனம். துணியில் இருந்த உருவம் என்ன என்று கேட்டதற்கு மட்டும் சிரித்துவிட்டு, நூலோடு ஓடும் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மறுபடி கேட்கவில்லை.

மத்தியானம் தாண்டிக் கீழேயிருந்து குரல் வந்தது. குச்சி தெரிகிறதாம். இனி துணியை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "பூலாய்." மலாயில் 'பூலாங்', வீடு திரும்புவது.