நகருக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

மாலை ஏழு மணிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் விளக்குகள் எரிகின்றன. வீடுகளில் மின்விசிறிகள் சுழல்கின்றன. அரிசியைப் போல மின்சாரத்தை மூட்டை கட்டிக் கிடங்கில் வைத்துவிட முடியாது. நாம் விசையைத் தட்டும் அதே நொடியில் அது எங்கோ உற்பத்தியாக வேண்டும். ஆகவே, வளரும் நகருக்கு மின்னிலையம் அமைப்போர் மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை காண வேண்டும். ஆற்றல் எதிலிருந்து கிடைக்கும்? போதிய நீர் எங்கே உள்ளது? பல ஆண்டுகளுக்குப் பின் தேவை எவ்வளவாக இருக்கும்?

சிலாங்கூரில் மின்சாரத்தின் கதை ஈயச் சுரங்கத்தில் தொடங்குகிறது. 1894ஆம் ஆண்டில் கே. தம்புசாமி பிள்ளையும் லோக் இயூவும் ரவாங்கிலிருந்த தங்கள் சுரங்கத்தில் மின்னாக்கியைப் பொருத்தினர். தம்புசாமி பிள்ளை, கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை நிறுவியவர். அக்காலத்தில் மின்சாரத்தை நெடுந்தூரம் அனுப்புவது கடினம். எனவே, தேவைப்பட்ட இடத்திலேயே அதை உற்பத்தி செய்தனர். அடுத்த ஆண்டில் கோலாலம்பூர் இரயில் நிலையத்திற்கும் மின்சாரம் கிடைத்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலு கோம்பாக்கில் மலையிலிருந்து பாயும் நீரைக் கொண்டு நகருக்கு மின்சாரம் தயாரித்தனர். நீருக்கு விலையில்லை. ஆனால், மழை குறைந்தால் நீரோட்டம் குறையும், மின்சாரமும் குறையும். நகரமோ வளர்ந்துகொண்டே இருந்தது.

அதனால் 1920களின் பிற்பகுதியில் பங்சாரில் நீராவி மின்னிலையம் எழுந்தது. இங்கு நிலக்கரியை எரித்து நீரைக் கொதிக்க வைப்பர். அந்த நீராவியின் விசையால் சுழலி சுழலும். பிறகு நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்க வேண்டும். அதற்கு ஏராளமான ஆற்று நீர் தேவை. பிரிக்ஃபீல்ட்ஸை அடுத்துள்ள பங்சாருக்கு அருகிலேயே கிள்ளான் ஆறும் இரயில் பாதையும் இருந்தன. பத்து ஆராங் சுரங்கத்தின் நிலக்கரியை இரயிலில் கொண்டுவர முடிந்தது. இரண்டு கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை கிடைத்தது.

மூன்றாம் கேள்விக்கான விடைதான் கடினமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்சாரத் தேவை பெருகியது, பற்றாக்குறையும் ஏற்பட்டது. மின்னிலையத்தை ஒரே நாளில் எழுப்பிவிட முடியாது. வரைபடம் தீட்டி, வெளிநாட்டில் இயந்திரங்களைச் செய்வித்து, கப்பலில் வரவழைக்கப் பல ஆண்டுகள் ஆகும். தேவை வந்தபின் திட்டமிடுவது, தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவதைப் போன்றது.

1949 செப்டம்பர் 1ஆம் நாள் மத்திய மின்சார வாரியம் தொடங்கப்பட்டது. அதன் முதல் பெருந்திட்டங்களுள் ஒன்று, கிள்ளான் ஆற்றங்கரையில் எழுந்த கன்னாட் பாலம் மின்னிலையம். 80 மெகாவாட் ஆற்றல் கொண்ட அது 1953இல் திறக்கப்பட்டது. மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பினால் கம்பியில் ஏற்படும் இழப்பு குறையும். ஆகவே, நிலையம் நகருக்குள்ளேயே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிலக்கரி, எண்ணெய் ஆகிய இரண்டையும் எரிக்கும் வகையில் அதை அமைத்தனர். எண்ணெயைக் கப்பலில் கொண்டுவரத் துறைமுகமும் அருகில் இருந்தது. இந்த முன்யோசனை வீண்போகவில்லை. 1960இல் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது.

எனினும், நகரமும் சுரங்கங்களும் ஒளி பெற்ற காலத்தில், பல தோட்ட லயன் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்தன. அந்த வெளிச்சத்தில் பாடம் படித்த பிள்ளைகள் இன்று தாத்தா, பாட்டிகளாக நம்மிடையே வாழ்கின்றனர். நிலையம் கட்டினால் மட்டும் போதாது. கம்பி எந்த வீடு வரை செல்ல வேண்டும் என்பதையும் திட்டமிட வேண்டும். ‘யாருக்கு?’ என்பதே நான்காவது கேள்வி.

சிந்தித்து விடையளி

1. மின்னிலையம் அமைக்கப் பங்சார் ஏற்ற இடமாக இருந்ததற்கான காரணங்கள் இரண்டனைக் குறிப்பிடுக.
2. இருவகை எரிபொருளைப் பயன்படுத்தும் முடிவு ஏன் முன்யோசனை மிக்கது எனக் கருதப்படுகிறது?
3. உன் வீட்டுப் பெரியவர்களின் இளமைக் காலத்தில் மின்சார வசதி எவ்வாறு இருந்தது எனக் கேட்டறிந்து, ஒரு பத்தியில் எழுதுக.