உடன்பிறவா இரட்டை

நுழையும்முன்

விண்ணில் ஏவப்பட்ட கலத்தைக் கையால் தொட்டுச் சோதிக்க இயலாது. அதன் நலம் அறிய, அது அனுப்பும் அளவீடுகளே துணை. அவ்வளவீடுகளைக் கொண்டு அக்கலத்திற்கு இணையான ஒன்றைக் கணினியில் உருவாக்கி, அதன் வாயிலாக மூலத்தின் நிலையை அறியும் தொழில்நுட்பம் வளர்ந்துவருகிறது. ‘டிஜிட்டல் ட்வின்’ எனப்படும் எண்மிய இரட்டையைப் பற்றியது இப்பாடம்.

படி வேறு, இரட்டை வேறு

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைக்குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மலர் கொய்வோரும் மீன்களும் பறவைகளும் யானைகளும் நிறைந்த அவ்வோவியம் இன்று பெரிதும் சிதைந்துள்ளது. தேர்ந்த ஓவியர் ஒருவர் அதனைப் படியெடுத்தால், படியெடுத்த நாளின் தோற்றம் தாளில் நிலைத்துவிடும். பின்னர் விதானத்தில் வண்ணம் உதிர்ந்தாலும் படியில் உதிராது. படியின் சிறப்பும் அதுவே, குறையும் அதுவே. மூலம் நேற்று எவ்வாறு இருந்தது என்பதை அது சொல்லும். இன்று எவ்வாறு உள்ளது என்பதைச் சொல்லாது.

எண்மிய இரட்டை இதற்கு நேர்மாறானது. மூலம் சூடேறினால் அதன் கணக்கிலும் வெப்பம் ஏறும். மூலம் தேய்ந்தால் தேய்மானம் அதிலும் பதிவாகும். மூலத்தோடு சேர்ந்து முதிர்வதே அதன் இயல்பு. மூலத்திலிருந்து வரும் அளவீடுகள் நின்றுவிட்டால், இரட்டை வெறும் படியாகச் சுருங்கிவிடும்.

செயற்படும் முறை

ஒரே ஆலையில், ஒரே வடிவமைப்பில் உருவான இரண்டு விமான எஞ்சின்களை எண்ணிப் பார்க்கலாம். ஒன்று மணற்புழுதி மிகுந்த பாலை நிலத்து நகரங்களுக்குச் செல்கிறது. மற்றொன்று உப்புக்காற்று வீசும் கடற்கரை நகரங்களுக்குச் செல்கிறது. சில ஆண்டுகளில் அவற்றின் தேய்மானம் ஒன்றுபோல் இராது. வடிவமைப்பு வரைபடம் இரண்டிற்கும் பொது; ஆனால் ஒவ்வோர் எஞ்சினுக்கும் வரலாறு தனி. ஆகவே ஒவ்வொன்றிற்கும் ஓர் இரட்டை தேவைப்படுகிறது.

எஞ்சினில் பொருத்தப்பட்ட உணரிகள் வெப்பநிலை, அழுத்தம், சுழற்சி வேகம், அதிர்வு, எரிபொருள் ஓட்டம் ஆகியவற்றை அளந்து அனுப்புகின்றன. இயற்பியல் விதிகளின் அடிப்படையில் அமைந்த கணினி மாதிரி, அந்நேரத்தில் அவ்வெஞ்சின் எவ்வாறு இயங்க வேண்டும் என்று கணிக்கிறது. கணிப்பும் அளவீடும் பொருந்தினால் கவலையில்லை. இரண்டிற்கும் இடையே வேறுபாடு தோன்றினால், எஞ்சினின் உட்பகுதி பழுதுறத் தொடங்கியிருக்கலாம், உணரி பழுதுற்றிருக்கலாம், மாதிரியே தவறாகவும் இருக்கலாம். எது உண்மை என்று ஆராய்ந்து தெளிவது பொறியாளரின் பணி.

கருத்தின் தோற்றம்

1970 ஏப்ரல் 11 அன்று மூன்று வீரர்களுடன் நிலவை நோக்கிப் புறப்பட்டது அமெரிக்காவின் அப்பல்லோ 13. புவியிலிருந்து 3 இலட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றபோது அதன் ஆக்சிஜன் கலன் ஒன்று வெடித்தது. மின்கல ஆற்றலைச் சேமிப்பதற்காகத் தலைமைக் கலத்தின் இயக்கத்தை நிறுத்த நேர்ந்தது. எஞ்சிய சிறிதளவு மின்னாற்றலைக் கொண்டு அதனை மீண்டும் இயக்கும் வழிமுறையைத் தரையிலிருந்த பொறியாளர்கள் வகுத்தனர். பயணக் குழுவிலிருந்து இறுதி நேரத்தில் விலக்கப்பட்ட கென் மாட்டிங்லி, தரையிலிருந்த பாவனைக் கலத்தில் அவ்வழிமுறையைச் சோதித்துப் பார்க்க உதவினார். ஏப்ரல் 17 அன்று மூவரும் உயிருடன் திரும்பினர்.

அந்தப் பாவனைக் கலம் எண்மிய இரட்டை அன்று. எனினும், தொலைவில் உள்ள கலத்தின் அன்றைய நிலையைத் தரையில் உருவாக்கி முடிவெடுக்கும் எண்ணம் அங்கே செயல்வடிவம் பெற்றது. 2002இல் மைக்கேல் கிரீவ்ஸ் இக்கருத்துக்கு அடித்தளமிட்டார். ‘டிஜிட்டல் ட்வின்’ என்னும் பெயர் 2010இல் நாசாவின் ஜான் விக்கர்ஸ் வாயிலாகப் பரவியது.

மகேந்திரகிரியும் நிலவும்

கணிப்பையும் அளவீட்டையும் ஒப்பிடும் பணி தமிழ்நாட்டிலும் நடைபெறுகிறது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் 2021 ஜூலை 14 அன்று, ககன்யான் திட்டத்திற்கான விகாஸ் எஞ்சின் 240 விநாடிகள் இயக்கிச் சோதிக்கப்பட்டது. சோதனை முழுவதும் அளவீடுகள் முன்கணிப்போடு நெருங்கிப் பொருந்தின என்று இஸ்ரோ அறிவித்தது. மனிதரைச் சுமக்கப்போகும் ஏவூர்திக்குப் பொருந்துதல் என்னும் இச்சொல் உயிர்க்காப்புக்கு நிகரானது.

பொருந்தாமையின் விளைவை 2019 செப்டம்பர் 7 உணர்த்தியது. சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கியபோது, அதன் எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுதியான உந்துவிசையைத் தந்தன. அதனால் பிழைகள் சிறிது சிறிதாகத் திரண்டன. அவற்றைத் திருத்தக் கலம் விரைந்து திரும்ப வேண்டியிருந்தது. அத்தகைய வேகம் தேவைப்படும் என்று முன்னரே கருதப்படவில்லை. கலம் நிலவில் மோதியது.

அத்தோல்வியின் அளவீடுகளே அடுத்த கலத்திற்கு ஆசானாயின. எவையெல்லாம் தவறக்கூடும் என்னும் வினாவிலிருந்து சந்திரயான்-3 வடிவமைக்கப்பட்டது. 500 மீட்டர் பக்கமுள்ள சதுரமாக இருந்த இறங்குபரப்பு 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரிந்தது. கால்கள் வலுவூட்டப்பட்டன; எரிபொருள் கூட்டப்பட்டது. கணினிச் சோதனைகளோடு ஹெலிகாப்டரிலும் பாரந்தூக்கியிலும் கலத்தின் மாதிரியைத் தொங்கவிட்டும் சோதித்தனர். 2023 ஆகஸ்டு 23 அன்று விக்ரம் நிலவின் தென்துருவப் பகுதியில் மென்மையாகத் தரையிறங்கியது.

தெரியுமா?

நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்த்தசைட் பாறை, நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கிறது. அதனைப் பொடித்து உருவாக்கிய மண், பெங்களூருவில் நிலவுக்கலச் சோதனைகளுக்குப் பயன்பட்டது.

இரட்டையின் எல்லை

எண்மிய இரட்டை தானே உண்மையாகிவிடாது; உண்மையைப் பற்றி மனிதர் கொண்ட புரிதலின் வடிவமே அது. அப்புரிதலில் இல்லாத ஒன்றை அது தானாக அறியாது. எஞ்சின் இவ்வளவுதான் உந்தும் என்று எழுதிவைத்தால், கணினிக்குள் அது அவ்வளவே உந்தும். மண்ணிலும் விண்ணிலும் பெறும் அளவீடுகளே அதனைத் திருத்துகின்றன. ஆகவே, இத்தொழில்நுட்பத்திற்கு வேகமான கணினி மட்டும் போதாது. தன் கணிப்பு தவறும் இடத்தைத் தேடிக் காணும் நேர்மையும் வேண்டும். கணிப்போடு பொருந்தாத ஓர் அளவீட்டைப் புறந்தள்ளாமல் ‘ஏன்?’ என்று வினவுவோரின் கையில்தான் எண்மிய இரட்டை உயிர்காக்கும் கருவியாகிறது.

கற்பவை கற்றபின்

1. ‘படி வேறு, இரட்டை வேறு’ என்னும் கருத்தை உங்கள் சொந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. உங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஓர் எண்மிய இரட்டை உருவாக்குவதாயின் எவ்வெவற்றை அளக்க வேண்டும்? குழுவாகக் கலந்துரையாடிப் பட்டியலிடுக.