அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டிய காகிதம்

பிரான்சில் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்கள் என்னிடம் விசாவைப் பற்றியும் அரிசி கிடைக்குமா என்றும்தான் கேட்கிறார்கள். அரிசி கிடைக்கும். கேம்பஸ் பிரான்ஸ் நேர்காணல், விசா, வாடகைக்கு ‘விசால்’ என்னும் உத்தரவாதம் எல்லாம் வரிசையாக முடிந்துவிடும். யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்.

பாரிசுக்குத் தெற்கே சக்லே மேட்டில் ‘கிராந்த் எகோல்’ எனப்படும் உயர் பொறியியல் பள்ளிகள் பல இருக்கின்றன. அப்படி ஒன்றில் படித்தேன். இரண்டாம் ஆண்டு, ஏப்ரலில் ஆறு மாத ‘ஸ்தாஜ்’, அதாவது ஆய்வகப் பயிற்சி. அது இல்லாமல் பட்டம் இல்லை. ஜனவரியிலேயே ஒரு ஆய்வகம் என்னை எடுத்துக்கொண்டது. கீழ்க்கட்டளையில் அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாள்.

அந்த ஆய்வகம் ‘ஸெட் எர் எர்’, கட்டுப்பாட்டுப் பகுதி. 2012இல் வந்த ஏற்பாடு. உள்ளே வேலை செய்ய அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும், பிரெஞ்சுக்காரருக்கும்தான். இரண்டு மாதம் வரை ஆகும். மறுத்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். பாஸ்போர்ட் நகலும் சுயவிவரமும் கேட்டு மின்னஞ்சல் வந்தபோது, பரீட்சை முடியட்டும் என்று மூன்று வாரம் கிடப்பில் போட்டேன். வேறெங்கும் விண்ணப்பிக்கவும் இல்லை. என் தப்புதான்.

மார்ச் கடைசியில் ஒரே வரியில் பதில் வந்தது. அனுமதி இல்லை. அன்று மாலை மஸ்ஸி-பலேசோவில் இறங்க வேண்டியவள், கடைசி ஸ்டேஷனான சேன்ரெமி வரை ரயிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு நாளில் நாற்பது கடிதம் எழுதினேன். பிரெஞ்சில் எழுதியவற்றுக்கே பதில் வந்தது. கான்கிரீட் விரிசலை ஆராயும் ஒரு சிறிய குழு சேர்த்துக்கொண்டது. “கோர்ஸ் எல்லாம் இங்கிலீஷ்தான், பிரெஞ்சு எதுக்கும்மா?” என்று சொன்ன ரேடியல் ரோடு கன்சல்டன்சிக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. இரண்டு பஸ் மாறி, நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேசுக்கு எட்டு மாதம் போனது என்னைக் காப்பாற்றியது.

ஸ்தாஜில் 20க்கு 16 வாங்கினேன். “எண்பது பர்சன்ட்தானா?” என்றார் சித்தப்பா. அங்கே 10 எடுத்தால் தேர்ச்சி, 16 என்றால் ‘மிக நன்று’. அவருக்கு இதை இன்னும் புரியவைக்க முடியவில்லை.

ஆய்வகம் உங்களை எடுத்துக்கொண்ட அன்றே, அது ஸெட் எர் எர்தானா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் காகிதங்களை அன்று இரவே அனுப்புங்கள். தூங்கப் போகும் முன் இன்னொரு ஆய்வகத்துக்கும் எழுதிவிடுங்கள்.