உஷ்ணமான மோட்டார் வண்டி மீண்டும் கிளம்பாமை: காரணம் அறியும் முறை

பழைய தஸ்தாவேஜுகளில் சங்கரநயினார்கோயில் என்று வழங்கிய சங்கரன்கோவில் வட்டாரம் 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி ஜில்லாவைச் சேர்ந்ததாகும். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் அமைந்திருப்பதால் இங்கே கோடை வெயில் மிகக் கடுமையானது. பூச்சந்தைக்கும், உரக்கடைக்கும், தாலூகா கச்சேரிக்கும் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் மோட்டார் வண்டியிலேயே வந்து போகின்றனர். காலையில் வீட்டில் ஒரே முயற்சியில் கிளம்பிய வண்டி, நண்பகலில் கடை வாசலில் கால் மணி நேரம் நிறுத்தப்பட்ட பின் எவ்வளவு முயன்றும் கிளம்பாமல் நிற்பதும், ஒரு மணி நேரம் கழித்து ஒரு குறையுமில்லாததுபோல் கிளம்பிவிடுவதும் பலர் அறிந்த விஷயம்.

இக்கோளாறினால் விளையும் நஷ்டம் இருவகைப்படும். வேலை கெடுவது ஒன்று. மற்றொன்று இதனினும் பெரிது. வண்டி பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் இஞ்சின் ஆறிவிடுகிறது. ஆறியதும் கோளாறும் மறைந்துவிடுகிறது. காரணம் தெரியாமையால் பாட்டரி, பிளக், காயில் என ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்பட்டுப் பணம் வீணாகிறது. கோளாறோ அப்படியே இருக்கிறது. ஆகவே, சூடு ஆறுமுன், வண்டி நின்ற இடத்திலேயே பரீட்சித்துப் பார்ப்பதுதான் முதல் விதி.

சூட்டினால் நேர்வது யாது?

இஞ்சின் ஓடும்போது விசிறியும், சுற்றி வரும் நீரும் சூட்டைக் கொண்டு போகின்றன. நிறுத்தியவுடன் இவ்விரண்டும் நின்றுவிடுகின்றன. இரும்பில் தங்கிய சூடு, மூடியின் கீழுள்ள பம்பு, கார்புரேட்டர், காயில் ஆகியவற்றிற்கு ஏறுகிறது. ஆகையால் நிறுத்திய பிறகு சிறிது நேரம் இவ்வுறுப்புக்களின் உஷ்ணம் குறைவதற்குப் பதிலாக அதிகரிக்கிறது. ஐந்து நிமிஷத்தில் கிளம்பும் வண்டி இருபது நிமிஷத்தில் கிளம்பாதிருப்பதற்கு இதுவே காரணம்.

முன்ஜாக்கிரதை

முதலில் உஷ்ணமானியைப் பார்க்க வேண்டும். அது வழக்கத்திற்கு மேல் காட்டினால் குறை நீரோட்டத்தில் இருக்கலாம். அதை முதலில் தீர்க்க வேண்டும். சூடாயிருக்கும் ரேடியேட்டர் மூடியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியுள்ள வெந்நீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகச் செய்துவிடும். பெட்ரோல் கசிவு காணப்பட்டால் பரீட்சையை நிறுத்திவிட வேண்டும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

முதற் பரீட்சை: இஞ்சின் சுழலுகிறதா?

சாவியைத் திருப்பும்போது இஞ்சின் மெதுவாகச் சுழன்றாலும், சுழலாமற்போனாலும், பெட்ரோலைச் சந்தேகிப்பதில் பயனில்லை. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி சென்டிகிரேடுக்கும் ஏறக்குறைய 0.4 சதவிகிதம் கூடும். 50 டிகிரி ஏறினால் தடை ஐந்தில் ஒரு பங்கு உயரும். தேய்ந்த செல்ப் மோட்டாரும், துருவேறிய பாட்டரி முனைகளும், தளர்ந்த எர்த் கம்பியும் குளிர்ச்சியில் சமாளித்துச் சூட்டில் தோற்பது இதனாலேயாம். சுழற்றும்போது 12 வோல்ட் பாட்டரியின் முனைகளில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றும் இஞ்சின் மெதுவாகச் சுழன்றால், குறை கம்பிகளிலோ செல்ப் மோட்டாரிலோ உள்ளது. தள்ளியவுடன் வண்டி கிளம்புமானால் இம்முடிவு உறுதிப்படும்.

இரண்டாம் பரீட்சை: தீப்பொறி உண்டா?

இஞ்சின் நன்றாகச் சுழன்றும் கிளம்பாவிடில், டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகளில் ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, வேறொரு நல்ல பிளக்கில் மாட்டி, அதன் உடலை இஞ்சின் இரும்பின்மேல் படும்படி வைத்துச் சுழற்ற வேண்டும். கையால் பிடிக்கலாகாது. நீலநிறப் பொறி பளிச்சென்று தோன்றினால் மின்சாரப் பகுதியில் குறையில்லை. பொறி மஞ்சளாக மங்கினாலும், தோன்றாவிடினும், காயிலையும் கண்டென்சரையும் சந்தேகிக்க வேண்டும். இவை சூட்டில் மட்டும் கெடுவது சகஜம். நன்றாயுள்ள ஒன்றை அவ்விடத்திலேயே மாற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

மூன்றாம் பரீட்சை: பெட்ரோல் மிகுதியா, குறைவா?

பொறி சரியாயிருந்தால் பெட்ரோல் வாசனையைக் கவனிக்க வேண்டும். வாசனை மிகுந்திருந்தால், கார்புரேட்டரில் கொதித்த பெட்ரோல் உள்ளே வடிந்து இஞ்சினை நிரப்பியிருக்கிறது. சோக் இழுக்காமல், ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தியபடி பத்து விநாடி சுழற்றினால் அது வெளியேறும். திரும்பத் திரும்ப அழுத்துவது கேட்டையே அதிகமாக்கும்.

வாசனையே இல்லாவிடில் பெட்ரோல் வந்து சேரவில்லை. பெட்ரோலின் இலேசான பகுதிகள் ஏறக்குறைய 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்குவதால், குழாயில் ஆவி அடைத்துக்கொள்கிறது. பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிச் சில நிமிஷம் வைப்பது அம்பாஸடர் கார் ஓட்டியோர் நன்கறிந்த உபாயம். அதனால் வண்டி கிளம்பினால் காரணமும் தெரிந்துவிட்டது. குழாயைச் சூடான இரும்பிலிருந்து விலக்கிக் கட்டுவதே நிலையான பரிகாரம். 2025இல் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வழக்கத்திற்கு வந்துவிட்டது. எத்தனால் சேர்வதால் ஆவியாகும் தன்மை சற்றுக் கூடும். பழைய ரப்பர் குழாய்களும் கெடும். அவற்றை அடிக்கடி சோதிப்பது அவசியம்.

டிராக்டரும் புதிய கார்களும்

டீசல் இஞ்சினுக்குத் தீப்பொறி இல்லை. தேய்ந்த டீசல் பம்பில், சூட்டினால் இளகிய டீசல் இடுக்குகளின் வழியே கசிந்து, தெளிப்பதற்கு வேண்டிய அழுத்தம் உண்டாவதில்லை. ஈரத்துணியால் பம்பைக் குளிரச் செய்ததும் டிராக்டர் கிளம்பினால் பம்பைச் செப்பனிட வேண்டும். குளிர்ந்த நீரை அதன்மேல் ஊற்றுவது கூடாது. திடீர்க் குளிர்ச்சியால் உறுப்புக்கள் இறுகிப் பழுதாகலாம்.

பெட்ரோலை மின்கருவியால் தெளிக்கும் புதிய கார்களில், இஞ்சினின் சுழற்சியை அறிவிக்கும் சென்ஸார் சூட்டில் செயலற்றுப்போவது உண்டு. இவற்றில் பிளக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது ஆபத்து. பரீட்சைக் கருவியுள்ள மெக்கானிக்கை வண்டி நின்ற இடத்திற்கு, சூடு ஆறுமுன், அழைப்பதே நலம்.

குறிப்பேடு

எவ்வளவு தூரம் ஓடியபின் நின்றது, எத்தனை நிமிஷம் நிறுத்தப்பட்டது, இஞ்சின் சுழன்றதா, பொறி கண்டதா, வாசனை இருந்ததா, எதனைக் குளிரச் செய்ததும் கிளம்பிற்று என்பவற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும். சர்க்கார் வண்டிகளின் லாக் புத்தகத்திலும் இவ்விவரம் சேர்க்கத்தக்கது. நோயாளி வைத்தியரிடம் போகுமுன் ஜுரம் தணிந்துவிட்டாலும், ஜுரம் கண்ட வேளையைக் குறித்து வைத்தவனுக்கு மருந்து கிடைக்கும். வண்டிக்கும் அவ்வாறே. பார்த்தறிந்த பின் ஓர் உறுப்பை மாற்றுவது சிக்கனம்; அறியாமல் நான்கை மாற்றுவது நஷ்டம்.